மாமாவின் டயருக்கு வயது பதினொன்று

பெங்களூரு, அல்சூர். ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா, பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை, ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கி, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்து வரப்பட்டவர். இருவருக்கும் நடுவில், உறை விலக்கப்பட்ட நிலையில், 2003ஆம் ஆண்டின் மாருதி 800 நிற்கிறது. மாமனாரும் மாப்பிள்ளையும் கருத்து வேறுபட்டால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமா: இந்த வெர்னியர் காலிப்பரை நீங்களே வாசித்துப் பாருங்கள், மாப்பிள்ளை. நான்கு டயர்களிலும் பள்ளத்தின் ஆழம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. சட்டம் கேட்பதோ வெறும் 1.6 மில்லிமீட்டர். இவ்வளவு இருந்தும், காற்றடிக்கும் பையன் போன வாரம் என்னைப் பார்த்து, "தாத்தா, இந்த டயர் முடிந்துவிட்டது" என்கிறான். முப்பது ஆண்டுகள் மற்றவர்கள் செய்த பொருளை நிராகரித்தவனிடம் சொல்லும் பேச்சா இது?

மாப்பிள்ளை: பள்ளத்தில் நானும் குறை காணவில்லை, மாமா. பக்கவாட்டுச் சுவரைச் சுற்றி ஓடும் இந்த வெடிப்புகளைத்தான் அந்தப் பையன் பார்த்திருக்க வேண்டும்.

மாமா: அவற்றை வெடிப்பு என்று சொல்லாதீர்கள். மேல்தோல் கொஞ்சம் வறண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தேங்காய் எண்ணெய் தடவி வருகிறேன்.

மாப்பிள்ளை: சனிக்கிழமை எண்ணெய் நமக்கு நல்லது, ரப்பருக்கு ஆகாது. எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்து இளக்கிவிடும். டயரைக் கழுவச் சாதாரண சோப்புத் தண்ணீரே போதும்.

மாமா: சரி, எண்ணெயை நிறுத்திவிடுகிறேன், உங்கள் அத்தைக்கும் நிம்மதி. ஆனால் கணக்கை யாராலும் மறுக்க முடியாது. 40,000 கிலோமீட்டர் உழைக்கக்கூடிய டயர் இதுவரை 5,000தான் ஓடியிருக்கிறது. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கும் பெட்ரோல் பங்குக்குமாக மாதம் 40 கிலோமீட்டர் போகிறேன், ஆண்டுக்கு 480. மீதமுள்ள 35,000 கிலோமீட்டரை 480ஆல் வகுத்தால் ஏறத்தாழ 73 ஆண்டுகள் வருகின்றன.

மாப்பிள்ளை: அதாவது, தங்களுக்கு 144 வயது நிறையும் நாளன்று டயர் மாற்ற வேண்டும் என்கிறீர்கள்.

மாமா: கணக்கு அப்படித்தான் சொல்கிறது, நான் என்ன செய்வது?

மாப்பிள்ளை: வண்டியின் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, 2028 வரைதான் புதுப்பித்திருக்கிறீர்கள் என்பதை இந்தக் கணக்கில் சேர்த்தீர்களா, மாமா? அது போகட்டும். டயர் ஓடித் தேய்வது ஒரு வகை, நின்றே கெடுவது இன்னொரு வகை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து ரப்பரை இறுக்கி வெடிக்கவைக்கின்றன. அதைத் தடுப்பதற்கென்று ரப்பரிலேயே ஒருவகை மெழுகைக் கலந்திருப்பார்கள். சக்கரம் சுழன்று டயர் நெளிந்து கொடுக்கும்போதுதான் அந்த மெழுகு மேல்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வந்து காப்பாற்றும். அதனால் தினமும் ஓடுகிற டாக்சியின் டயரைவிட, உறைக்குள் பொத்திப் பொத்தி வைத்த உங்கள் டயருக்குத்தான் வெடிப்பு அதிகம்.

மாமா: உட்கார்ந்தே இருந்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும் என்று மருத்துவர் எனக்குச் சொன்னதையே நீங்கள் டயருக்குச் சொல்கிறீர்கள். புரிகிறது. வண்டியை எடுத்ததும் தடதடவென்று ஒரு சத்தம் வந்து, கமர்சியல் தெருவை நெருங்கும்போது அடங்குகிறதே, அது வண்டி சோம்பல் முறிப்பது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்?

மாப்பிள்ளை: வாரம் முழுக்க ஒரே இடத்தில் நின்றதால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடுகிறது, சூடேறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. காற்று குறைவாக இருந்தால் தட்டை இன்னும் மோசமாகும். சரி, இந்தச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கின்றன, வாசியுங்கள்.

மாமா: 1114. அது வரிசை எண். நான்கு டயர்களிலும் ஒன்றே என்பதால் ஒரே தொகுதியில் வந்த தரமான பொருள் என்று மகிழ்ந்துதான் வாங்கினேன்.

மாப்பிள்ளை: முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. இது 2014ஆம் ஆண்டின் பதினோராவது வாரத்தில், அதாவது மார்ச் மாதத்தில் செய்யப்பட்ட டயர். எந்த ஆண்டில் வாங்கினீர்கள்?

மாமா: 2016இல். கடைக்காரர் தாமாகவே முன்வந்து பெரிய தள்ளுபடி கொடுத்தார். நல்ல மனிதர் என்று உங்கள் அத்தையிடமும் சொன்னேன்.

(சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. மாமா காலிப்பரை அதன் பெட்டியில் வைத்து மூடுகிறார்.)

மாமா: ஆக, பிறந்து இரண்டு ஆண்டுகள் கடையில் கிடந்த பண்டத்தை நான் புதிது என்று கொண்டு வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை: ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் இருக்கின்றன. டயர் நிறுவனங்கள் தாராளமாகச் சொன்னாலும் பத்தைத் தாண்டுவதில்லை. இவற்றுக்குப் பதினொன்று ஆகிவிட்டது.

மாமா: அப்படியானால் இரண்டை மட்டும் வாங்குவோம். ஸ்டெப்னி இருக்கிறதே! மண்ணே மிதிக்காத டயர், வண்டியோடு வந்தது.

மாப்பிள்ளை: வண்டியோடு வந்தது என்றால் அதற்கு இருபத்திரண்டு வயது, மாமா. வாக்குரிமையே வந்துவிட்டது. இருட்டறையில் படுத்திருந்தாலும் வயது ஏறத்தான் செய்யும்.

மாமா: இரண்டு வாங்கினால் முன்னால்தானே போட வேண்டும்? எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம்.

மாப்பிள்ளை: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டுதான் என்றால் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும். மழைச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் மீள்வது கடினம். ஆனால் இங்கே நான்குமே ஒரே வயது என்பதால், பாதியை வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

மாமா: சரி, வாங்குவது என்று ஆன பிறகு உயர்ந்த ரகமாகவே வாங்கிவிடுவோம். 60,000 கிலோமீட்டர் உழைப்பது வேண்டும்.

மாப்பிள்ளை: ஆண்டுக்கு 480 கிலோமீட்டர் போகிறவருக்கு அது வீண் செலவு. தேயாமல் உழைப்பதற்குப் பணம் கொடுக்காமல், ஈரச் சாலையில் நன்றாகப் பிடிப்பதற்குக் கொடுங்கள். மே மாதச் சாயங்கால மழையில் எம்.ஜி. ரோடு சிக்னலில் பிரேக் போடுவதற்கு அதுதான் உதவும். அளவு 145/70 ஆர்12, அதாவது அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, சக்கரம் 12 அங்குலம். அதை மாற்றாதீர்கள். மாருதி 800இன் உற்பத்தி நின்று போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன, அதனால் இந்த அளவு கடைகளில் மெதுவாகத்தான் விலைபோகும். "ஆல்டோவின் 145/80 போட்டுக்கொள்ளுங்கள், உயரமாக இருக்கும்" என்பார்கள். போட்டால் டயர் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் உயர்ந்து, ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

மாமா: நான் 30இல் போகிறவன், 28 என்று காட்டினால் உங்கள் அத்தை இன்னும் மெதுவாகப் போகச் சொல்ல மாட்டாள் அல்லவா? சரி சரி, 70 என்றால் 70. ஆனால் மெதுவாக விலைபோகும் சரக்கு என்றால், மறுபடியும் பழையதைத்தானே என் தலையில் கட்டுவார்கள்?

மாப்பிள்ளை: அதனால்தான் தங்களை அழைத்துப் போகிறேன். ரஸ்ஸல் மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் தாங்கள் ஒருநாளும் வாங்கியதில்லை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பீர்கள். தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டுவீர்கள். டயரையும் அப்படியே வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்டது என்றால் எடுங்கள். இல்லையென்றால் அடுத்த கடை. ஜே.சி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்?

மாமா (நிமிர்ந்து): இதை முதலிலேயே காய்கறியைக் கொண்டு விளக்கியிருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும், மாப்பிள்ளை. நைட்ரஜன் நிரப்புகிறேன் என்று கூடுதலாகக் கேட்பார்களா?

மாப்பிள்ளை: கேட்பார்கள்.

மாமா: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. மீதியுள்ள 22க்கு மட்டும் காசு தருகிறேன் என்று சொல்கிறேன்.

மாப்பிள்ளை: வாரம் ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்த்தாலே போதும். வால்வுகளை மட்டும் நான்கும் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். அதுவும் ரப்பர்தான், அதற்கும் வயதாகிவிட்டது. வீல் பேலன்சிங்கும் செய்ய வேண்டும்.

மாமா: பேலன்சிங்குக்குப் பணம் தருகிறேன். வால்வுக்குத் தர மாட்டேன்.

மாப்பிள்ளை: ஏன், மாமா?

மாமா: ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயர் வாங்குகிறேன். ஒரு கிலோ தக்காளிக்கே கறிவேப்பிலை கொசுறு கொடுக்கிறார்கள். உங்கள் அத்தையிடம் சொல்லி அந்தப் பெரிய பையை வாங்கி வாருங்கள்.