முந்நூறு ரூபாய்க்கு முன்கூட்டியே ரிசல்ட்டா?

‘பிளஸ் டூ ரிசல்ட் ரெடி. கடலூர், புதுச்சேரி அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மார்க்கை இன்றே பார்க்கலாம், 300 ரூபாய் ஜிபே பண்ணுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய்.

முதலில், இந்த இரண்டு ஊருக்கும் ஒரே ரிசல்ட் கிடையாது. கடலூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு முடிவை வெளியிடுவது தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளோ சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன; 2025 முதல் அங்கே பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் எழுதுவது சிபிஎஸ்இ தேர்வு. அதன் முடிவு தனியாகத்தான் வரும். கடலூர் மஞ்சக்குப்பத்து அத்தையும் புதுச்சேரி லாஸ்பேட்டை சித்தியும் ஒரே குடும்ப குரூப்பில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது.

கூடவே ஒரு ‘மாதிரி மார்க் ஷீட்’ படமும் வருகிறது. கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்: மொத்தம் 1200, கீழே ‘மாவட்டத்தில் 3-ஆம் இடம்’. தமிழ்நாட்டில் 2019 முதல் பிளஸ் டூ மொத்தமே 600தான். ரேங்க் அறிவிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். பழைய படத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதுவும் கோணலாக!

சரி, எங்கே பார்ப்பது? அரசு இணையதளத்திலோ, டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பிலோ, காசில்லாமல். தமிழ்நாட்டுத் தேர்வுக்குப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். சிபிஎஸ்இக்கு ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், அப்புறம் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.