அக்ரி படிக்கிற பிள்ளைக்கு நான்கு வருஷமும் ஒரே நிலத்தைக் கொடுங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளை அக்ரி எடுக்கிறேன் என்றால், அதிலும் நீடித்த வேளாண்மை, இயற்கை வேளாண்மை என்று பேச ஆரம்பித்தால், எங்கள் பக்கம் யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். "இதுக்கு இன்னாத்துக்குப்பா காலேஜி, உங்க தாத்தா பட்டம் வாங்கிக்கினா ஏர் ஓட்டினாரு?"

பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கேள்வி நம் வேலூர் மண்ணுக்குப் பொருந்தாது. தாத்தா மாடு கட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறு இன்றைக்கு வறண்டு கிடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் எத்தனையோ ஊர்களில் தோல் பதனிடும் ஆலைக் கழிவின் உப்பும் குரோமியமும் நிலத்தில் இறங்கி, கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயிருக்கு விட முடியாத நிலைமை. இதைத் தாத்தா பார்த்ததே இல்லை, அப்புறம் எப்படி அவர் சொல்லிக் கொடுத்திருப்பார்?

இந்தத் தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், நீடித்த வளர்ச்சி என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் எழுதினார்கள். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நம் ஊர் வழக்கைப் படிக்கிறார்கள். நம் ஊர் அக்ரி பிள்ளைகளும் அதை முதல் வருஷத்திலேயே படிக்க வேண்டும் என்பேன்.

படிப்பு எங்கே உதவும் என்று கேட்டால், ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். வயலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் எல்லோரும் உப்பு நிலம் என்பார்கள். அது உவரா களரா என்று பார்க்க வேண்டும். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம், வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கி வடிக்க வேண்டும். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேலே போகும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் குட்டையாக நிற்கும், காய்ந்தால் கடப்பாறை இறங்காது. இதற்குத்தான் ஜிப்சம். அப்புறம் வடிகால், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது. வெறும் உவர் நிலத்தில் கடைக்காரர் சொன்னார் என்று மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டினால் காசுதான் போகும். இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் நின்று சொல்ல ஊருக்கு ஒரு ஆள் வேண்டாமா?

மாட்டுச் சாணமும் கோமியமும் இருந்தால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இயற்கை வேளாண்மைக்காக ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார் ஐயாவே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, அங்கே நடப்பது சரியில்லை என்று தெரிந்து வெளியே வந்தவர். அந்தப் படிப்பு இருந்ததால்தான் எது தப்பு என்று அவரால் அழுத்திச் சொல்ல முடிந்தது.

சரி, படிப்பில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. மண் செமஸ்டர் கணக்கில் மாறாது. மண்ணில் கரிமச்சத்து கொஞ்சம் ஏறவே வருஷங்கள் ஆகும். நாம் என்ன செய்கிறோம்? மூன்று வருஷம் வகுப்பிலும் கல்லூரிப் பண்ணையிலும் வைத்திருந்துவிட்டு, கடைசி வருஷம் 'ராவே' (கிராமப்புற வேளாண் பணி அனுபவம்) என்று சில மாதம் கிராமத்துக்கு அனுப்புகிறோம். பிள்ளைகள் ஆர்வமாகத்தான் வருகிறார்கள், விவசாயியோடு பழகி முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறார்கள்.

முதல் வருஷமே ஒரு பிள்ளைக்கு ஒரு விவசாயியின் அரை ஏக்கரைக் காட்டி, நாலு வருஷமும் இதுதான் உன் பாடம் என்று சொல்லிவிட வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் வருஷா வருஷம் பரிசோதிக்கட்டும், கோடையில் கிணறு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கட்டும், மானாவாரி மணிலாவுக்கு (நிலக்கடலைக்கு) விதை, கூலி, உழவு என்று போன காசையும் வந்த காசையும் அந்த வீட்டம்மாவோடு உட்கார்ந்து எழுதட்டும். பயிர் போனாலும் ஏன் போனது என்று சரியாக எழுதியிருந்தால் மதிப்பெண் போடுங்கள்.

பார்க்க வேண்டியதும் இங்கேயே ஏராளம். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த விதையை எந்தக் காயிலிருந்து எப்படி எடுத்து வைக்கிறார்கள் என்று அணைக்கட்டு பக்கம் போய்க் கேட்கலாம். கணியம்பாடி பக்கம் நூறு நாள் வேலையில் பெண்கள் உறைகிணறு இறக்கி நாகநதியின் நிலத்தடி நீரை மீட்க உழைத்திருக்கிறார்கள், அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒன்று. கவுன்சலிங்குக்கு முன்னால் பிள்ளையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். போகும்போது உங்கள் நிலத்து மண்ணைக் கொண்டு போங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ போதும். வரப்போரமும் எருக்குழிப் பக்கமும் வேண்டாம். மண்ணை அந்தப் பிள்ளையே வெட்டி எடுக்கட்டும்.