இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தரப்படும்

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை ஆடிய யாரிடமாவது "கவசத்துக்கு ட்ரிம்மிங்", அதாவது ஓரத்தில் தங்கக் கரை, என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் பல்லைக் கடிப்பார்கள். நான் இரண்டாவது ரகம்.

2006 வாக்கில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் ஆடிய கேம். அப்போது எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டாம், பிரவுசரிலேயே ஓடும், அதனால்தான் எங்களுக்கு அது வாய்த்தது. டிபென்ஸ் என்ற தற்காப்புத் திறன் 40-ஆவது நிலைக்கு வரும்வரை கோழி, மாடு என்று அடித்து, கிராண்டோர் தீவுக்குப் போய் எல்வார்க் என்ற டிராகனைக் கொன்று, ஒருவழியாக ரூன் பிளேட்பாடியை, அதாவது ரூன் என்ற கேம் உலோகத்தில் செய்த தகட்டுச் சட்டையை, மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து நின்றேன். ஒருவன் வந்தான். கொடு, தங்கக் கரை போட்டுத் தருகிறேன், காசே வேண்டாம் என்றான். கொடுத்தேன். ஆளைக் காணோம். கரை போட்ட கவசம் புதையல் வேட்டையில் பரிசாகத்தான் வரும், எந்த ஆட்டக்காரராலும் போட்டுத் தர முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இத்தனை வருஷம் கழித்து நிஜக் கவசங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு சொல்கிறேன், அந்தக் கேமில் ஏகப்பட்ட தப்பு. டிராகன் இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. முழுத் தகட்டுக் கவசமும் போட்டு, கையில் பட்டம் போல நீண்ட கைட் ஷீல்டும் பிடிக்கிறார்களே, அதில்தான். அந்தக் கேடயம் 1066-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த நார்மன்கள் காலத்துச் சரக்கு. தலைமுதல் கால்வரை தகடு என்பது 1400-ஐ ஒட்டித்தான் முழு உருவம் பெற்றது, அது வந்ததும் தரையில் நின்று சண்டை போட்டவர்கள் கேடயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் போர்க்கோடரியைப் பிடித்தார்கள். நடுவில் 300 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது! நாடகத்தில் ராஜா கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருவது மாதிரி.

இன்னொரு கூத்து: கேமில் வெண்கலச் சங்கிலிச் சட்டைக்கு, நசுக்கும் அடிக்கு எதிராக 13 புள்ளி. தகட்டுச் சட்டைக்கு 9 தான். நிஜத்தில் சங்கிலி வளையம் கத்தி வெட்டை நிறுத்தும், ஆனால் தண்டாயுதத்தால் ஒரு போடு போட்டால் வளையத்தோடு சேர்த்து எலும்புக்குள் இறங்கும். அதனால்தான் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கனத்த மெத்தைச் சட்டை போட்டார்கள். கேமில் எல்லோரும் வெறும் உடம்பில் இரும்பு மாட்டுகிறார்கள், பாவம்.

எடை விஷயத்தில் பாதி சரி. முழுக் கவசம் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோதான், அதுவும் உடம்பு முழுக்கப் பிரிந்து உட்காரும். பூசிகோ என்ற பிரெஞ்சுத் தளபதி கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டதாக அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஆனாலும் மூச்சு வாங்கும். 2011-இல் வெளியான லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் ஆட்களுக்குக் கவசம் மாட்டி டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தபோது, செலவான சக்தி இரண்டு மடங்கைத் தாண்டியது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கவேண்டுமே. கேமிலும் எடை ஏறினால் ஓடும் தெம்பு சீக்கிரம் கரையும்.

அவர்கள் அச்சு அசலாகப் பிடித்தது பகட்டைத்தான். கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டுக்கு 1586-இல் கிரீனிச் பட்டறையில் செய்த கவசம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. 27 கிலோ, நீலமேற்றிய எஃகு, உடம்பெங்கும் தங்க முலாம் வேலைப்பாடு. துப்பாக்கி வந்துவிட்ட காலம், ஆனாலும் ராணி முதலாம் எலிசபெத் முன்னால் போட்டியில் இறங்குகிறவர் சும்மா இரும்போடு போவாரா?

கேமிலும் கரை போட்ட ரூனுக்கும் போடாததற்கும் பாதுகாப்புப் புள்ளியில் துளி வித்தியாசம் கிடையாது. அந்தத் திருடன் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தான். கவசத்தை இன்னும் பலமாக்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். மினுக்கித் தருகிறேன் என்றதும் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.