பிள்ளையின் மனதை அளக்க முன்

கொழும்புப் பாடசாலைகள் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி வாய்திறந்து பேசத் தொடங்கியிருப்பது எனக்குப் பெரும் ஆறுதல். முன்பெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் பேச வேண்டும் என்ற அவசரத்தில் அளவீட்டைக் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம். உளவியல் ஆய்வுமுறைகளைக் கற்பிக்கின்ற ஒருத்தி என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அண்மையில் ஒரு பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் இருந்தேன். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒருவர் திரையில் வரைபடம் ஒன்றைக் காட்டினார். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் மனச்சோர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். மண்டபம் அப்படியே உறைந்துவிட்டது. பக்கத்திலிருந்த தாய் என் பக்கம் திரும்பி, "டீச்சர், என் மகளும் அதற்குள் இருப்பாளோ?" என்று கேட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

எப்படி அளந்தார்கள் என்று விசாரித்தேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்தது மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் பி.எச்.கியூ-9 என்ற வினாக்கொத்து. அது நல்ல கருவிதான், உலகெங்கும் பயன்படுகிறது. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் இந்தத் தொல்லை எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் எடுத்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. அமெரிக்காவில் சாதாரண மருத்துவ நிலையங்களுக்கு வந்த வளர்ந்தவர்களிடம் பரிசோதித்து 2001இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த நகரத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அதே எல்லை பொருந்துமா என்பது தனியாக ஆராய்ந்து பார்க்க வேண்டிய கேள்வி. அந்தப் பாடசாலையில் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த 2001 அமெரிக்க ஆய்வில் நேர்காணல் மூலம் மனச்சோர்வு உறுதிசெய்யப்பட்டவர்களில் 88 சதவீதத்தினரை வினாக்கொத்து சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. கேட்க மிக நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஆயிரம் பிள்ளைகள், அவர்களில் உண்மையாகவே மனச்சோர்வு உள்ளவர்கள் ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். வினாக்கொத்து அந்த ஐம்பதில் 44 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 12 சதவீதத்தினரை, அதாவது 114 பேரை, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். ஆக, எல்லையைத் தாண்டியவர்கள் 158 பேர். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 44 பேர் மட்டுமே. எல்லையைத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் காரணமின்றிப் பெயர் சூட்டப்படுவார்கள். எல்லையைத் தாண்டிய பிள்ளையைத் தகுதியுள்ள ஒருவர் உட்கார்த்திப் பேசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் புள்ளிக்குரிய பொருள். 'பாதிக்கப்பட்டவர்' என்று திரையில் போடுவதற்கு அது போதாது.

இன்னொன்று. படிவம் நிரப்பிய காலம் முன்னோடிப் பரீட்சைக் காலம். ஒன்பது கேள்விகளில் நான்கு, நித்திரை, களைப்பு, பசி, கவனம் ஆகியவை பற்றியவை. சாதாரண தரப் பரீட்சைக்கு இரவிரவாக விழித்துப் படிக்கும் பிள்ளை இந்த நான்குக்கும் 'ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்' என்று குறித்தால் 12 புள்ளி. மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் ஆர்வம் இல்லையா என்ற கேள்விகளுக்கு 'இல்லவே இல்லை' என்று பதில் சொல்லியிருந்தாலும் அவள் எல்லையைத் தாண்டிவிடுவாள்! கூட்டி எடுத்த ஒற்றை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

நம்பகம், தகுதி என்று இரண்டையும் ஆய்வுமுறை வகுப்பில் முதலிலேயே படிப்பிக்கிறோம். மீன் கடைத் தராசு ஒவ்வொரு முறையும் நூறு கிராம் கூட்டிக் காட்டினால் அது மாறாமல் காட்டுகிறது, ஆனால் பிழையாகக் காட்டுகிறது. அந்தத் தராசுக்கு நம்பகம் உண்டு, தகுதி இல்லை. மனதை அளக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் எதை அளக்கிறோம் என்பதையே முதலில் வரையறுத்தாக வேண்டும். மனச்சோர்வு கண்ணால் காணக்கூடிய பொருளல்ல. சில அறிகுறிகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் ஊடாக ஊகிக்கிறோம். உளவியலாளர்களான குரொன்பாக்கும் மீலும் 1955இல் எழுதிய கட்டுரை இந்த ஊகத்துக்கு எத்தனை விதமான சான்று வேண்டும் என்பதைப் பற்றியதுதான். அதைப் படித்த பிறகு புள்ளியை அப்படியே நோயாக எடுத்துக்கொள்ள எவருக்கும் மனம் வராது.

படிவத்தில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் கேட்டிருந்தார்கள். பதில் வகுப்பாசிரியருக்குப் போகும் என்று தெரிந்த பிள்ளை உண்மையை எழுதுவாளா? சிலர் ஒன்றுமில்லை என்று எழுதுவார்கள், சிலர் பரீட்சைக்குச் சலுகை கிடைக்குமோ என்று கூட்டி எழுதுவார்கள். இரண்டுமே மனித இயல்பு; பிள்ளைகளில் குற்றமில்லை.

கைத்தொலைபேசி கூடுதலாகப் பாவிக்கும் பிள்ளைகளின் புள்ளி கூடுதலாக இருக்கிறது, ஆகவே தொலைபேசியைப் பறியுங்கள் என்றும் சொல்லப்பட்டது. நித்திரை வராத பிள்ளைதான் தொலைபேசியை எடுக்கிறாளோ என்னவோ. தகப்பன் வெளிநாட்டில், தாய் வேலையில், பேச ஆளில்லாத வீட்டில் இரண்டும் ஒன்றாகவே கூடியிருக்கலாம். ஒரே நாளில் எடுத்த ஒரே படிவம் எது முந்தியது என்று சொல்லாது. காரணம் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், குறைந்தது காலத்தோடு பின்தொடர்ந்தாவது பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆய்வாளர்களே தடுக்கி விழும் துறை இது: உளவியல் சஞ்சிகைகளில் வெளிவந்த 100 ஆய்வுகளைப் பெரியதொரு ஆய்வாளர் குழு மீண்டும் செய்து 2015இல் முடிவுகளை வெளியிட்டபோது, முதல் ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளிவிபர ரீதியில் பொருளுள்ள, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைத் தந்திருக்க, மறு ஆய்வுகளில் 36 சதவீதமே அப்படித் தந்தன. ஒரு கூகுள் படிவத்தை வைத்து ஒரு வீட்டின் ஒழுங்கையே மாற்றச் சொல்வதற்கு முன் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கம். என்னைக் கோபப்படுத்தியது ஒன்பதாவது கேள்வி. இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. அதற்கு 'இல்லவே இல்லை' தவிர்ந்த வேறு பதிலைக் குறித்த பிள்ளைகளோடு யார் பேசினீர்கள் என்று கேட்டேன். பெயர்ப்பட்டியல் இன்னும் பிரிக்கப்படவில்லை என்றார்கள். படிவம் நிரப்பி வாரங்கள் கடந்திருந்தன. வரைபடம் தயாராக இருந்தது, நிறங்கூடத் தெரிவுசெய்யப்பட்டிருந்தது. உதவி கேட்டு எழுதியிருக்கக்கூடிய பிள்ளையின் பதிலை மட்டும் எவரும் திறந்து பார்க்கவில்லை. ஆய்வு ஒழுக்கம் என்று நாங்கள் படிப்பிப்பது கையொப்பம் வாங்கும் சடங்கை அல்ல. கேட்டவர் பதிலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதைத்தான்.

உளவியலாளர் அல்பிரட் பினே 1905இல் பிரான்சில் சிமோனுடன் சேர்ந்து தன் அறிவுத்திறன் சோதனையை வெளியிட்டது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு உதவுவதற்காக. பின்னால் வந்தவர்கள் அதையே பிள்ளைகளைத் தரம் பிரித்து ஒதுக்கப் பயன்படுத்தினார்கள். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைப் பத்து வயதிலேயே பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடும் நம் நாட்டில் இந்த ஆபத்து இரட்டிப்பு.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த படிவம் வரும்போது நிரப்ப முன்னர் பாடசாலையிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தக் கருவி நம் வயதுப் பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டதா? பதில்களை யார் பார்ப்பார்கள்? எல்லையைத் தாண்டும் பிள்ளையை எந்த உளவளத்துணையாளர் சந்திப்பார்? ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லவே இல்லை' தவிர்ந்த பதில் வந்தால் அன்றைக்கே பேசப்போவது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் கிடைக்காவிட்டால் படிவத்தை நிரப்ப விடாதீர்கள். பிள்ளையைப் பற்றி இப்போதே பயம் இருந்தால் வரைபடத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.