பிளண்டருக்கு அடுத்த மூவ்

ஐந்து நிமிட ஆட்டத்தில் ராணியைச் சும்மா விட்டுவிட்டு வெளியே வரும் பையனிடம் "எப்படிடா அதைப் பார்க்காம விட்ட?" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். பிள்ளைகளைச் செஸ் போட்டிகளுக்கு அழைத்து வரும் அப்பா அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. பார்த்திருந்தால் விட்டிருப்பானா? "ராணி போன பிறகு என்ன ஆடின?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஞாபகமே இருக்காது. ரேபிட், பிளிட்ஸ் போன்ற வேக ஆட்டங்களில் மூவ் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் வெளியே வரும்போது மனதில் அந்த ஒரு மூவ் மட்டும்தான் இருக்கும். அதற்குப் பின் ஆடிய பதினைந்து இருபது மூவ்கள் எங்கே போயின?

என் கருத்து இதுதான். வேக ஆட்டத்தில் முதல் பிளண்டரோடு, அதாவது முதல் பெரிய தப்பு மூவோடு, ஆட்டம் முடிந்துவிடுவது அபூர்வம். அதையே நினைத்துக்கொண்டு ஆடுகிற அடுத்த நாலைந்து மூவில்தான் ஆட்டம் கையை விட்டுப் போகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒருவருக்கு 3 நிமிடம், மூவுக்கு 2 வினாடி கூடுதல். 40 மூவ் போகும் ஆட்டம் என்றால் மொத்தம் 260 வினாடி, அதாவது மூவுக்கு ஆறரை வினாடி. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே இந்த நேரத்தில் காய்களைத் தாரை வார்க்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆட்டம் மூன்று நான்கு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சமீபத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த ரேபிட் போட்டியில் ஒரு பெண்பிள்ளையின் ஆட்டத்தைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எளிய ஃபோர்க்கில், அதாவது ஒரே காய் இரண்டு காய்களைச் சேர்த்துத் தாக்கும் மூவில், ஒரு குதிரையை இழந்துவிட்டாள். எதிரே இருந்த பையன் வெட்டிய குதிரையை மேசை ஓரத்தில் நேராக நிறுத்திவைத்துவிட்டு, பக்கத்து போர்டில் நண்பன் எப்படி ஆடுகிறான் என்று எட்டிப் பார்த்தான். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கிளாக்கைப் பார்க்கவில்லை. பத்து வினாடி இருக்கும், போர்டை மட்டும் பார்த்தாள். அப்புறம் ஒரு கையை எடுத்து யானையைத் திறந்திருந்த டி வரிசைக்குக் கொண்டுவந்தாள். அவ்வளவுதான், மிரட்டல் எதுவும் வெளியே தெரியவில்லை. பையனின் ராஜா ஜி1ல், முன்னால் மூன்று சிப்பாய்களும் நகராமல் நிற்கின்றன. அதிகமாக இருந்த குதிரை போர்டின் மறுமூலையில். கடைசி வரிசையைக் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு யானை. அந்த யானையை எடுத்து ஏ7 சிப்பாயை வெட்டினான். அவள் யானை டி1க்கு இறங்கியது. மேட்.

பையனின் அப்பா பிறகு அவனிடம் அந்த ஏ7 பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பிசகியது அதற்கு வெகு முன்னால். குதிரையை வாங்கியதுமே அவன் மனதில் ஆட்டம் முடிந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை.

இதில் மனம் மட்டும் அல்ல, ஆட்டத்தின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. காய் அதிகம் இருப்பவருக்கு வழிகள் அதிகம். ராணிகளை மாற்றிக்கொள்ளலாமா, இன்னொரு சிப்பாயை எடுக்கலாமா, நேராக ராஜா மேல் பாயலாமா? எல்லாமே நல்ல வழிதான், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே நேரம் கரையும். காய் குறைந்தவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு உருப்படியான மூவ்தான் இருக்கும், டக்கென்று ஆடிவிடுவார். நாலைந்து மூவ் கழித்து கிளாக்கைப் பார்த்தால் காய் ஒருவரிடம், நேரம் இன்னொருவரிடம். கடைசிப் பத்து வினாடியில், எதிராளியின் தனி ராஜா ஏ8ல் நிற்கும்போது ராணியை பி6ல் வைத்து ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே ராஜாவுக்கு நகர இடமில்லாமல் டிரா) கொடுப்பதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. நிதானமாக இருக்கும்போது அந்தத் தப்பை யாரும் செய்யமாட்டார்கள்.

2014 நவம்பரில் சோச்சியில் கார்ல்சனுக்கும் ஆனந்துக்கும் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம் இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம். அது வேக ஆட்டமே இல்லை, நீண்ட நேர கிளாசிக்கல் ஆட்டம். அதுவரை ஸ்கோர் 2.5–2.5. கார்ல்சன் நல்ல நிலையில் இருந்தபடியே 26வது மூவில் ராஜாவை டி2க்கு நகர்த்தினார். பெரிய பிளண்டர். ஆனந்த் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால் இரண்டு சிப்பாய் லாபம், ஆட்டமே தலைகீழாகியிருக்கும். ஆனந்த் அதைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே திட்டமிட்டிருந்த சிப்பாயை ஏ4க்குத் தள்ளினார். கார்ல்சன் 38 மூவில் ஜெயித்தார், பிறகு போட்டியையும் 6.5–4.5 என்று ஜெயித்தார். எதிர்பாராத பரிசு வரும்போது சில நேரம் கை நீட்டத் தோன்றாது என்ற பொருளில் ஆனந்த் பிறகு சொன்னார்.

இதில் நான் கவனிப்பது கார்ல்சனைத்தான். மூவை ஆடிய உடனேயே அவருக்குத் தப்பு தெரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்தைக் கடந்துவிட்டு, மறுபடி பழைய ஆட்டத்தைத் தொடர்ந்தார். உலக சாம்பியனுக்கும் பிளண்டர் வரும். வந்த பிறகு பத்து நிமிடம் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும்.

இப்போது எல்லாருடைய போனிலும் இருக்கும், ஆட்டம் யாருக்குச் சாதகம் என்று எண்ணில் காட்டும் செஸ் எஞ்சின் (கம்ப்யூட்டர் புரோகிராம்) பட்டை இந்த விஷயத்தைக் கெடுத்து வைத்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு சிவப்புக் கேள்விக்குறி, மேலும் கீழும் குதிக்கும் கோடு. ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினின் எண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு. 2022 இறுதியில் வந்த 15.1 பதிப்பிலிருந்து, +1 என்றால் அந்த நிலையில் இருந்து எஞ்சினும் எஞ்சினும் மோதினால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று அளவை அமைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கும் எஞ்சினுக்கும்! கையில் ஆறு வினாடி வைத்துக்கொண்டு வியர்க்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே ஒரு சரியான மூவைக் கண்டுபிடித்தால் மட்டுமே நிற்கும் +3ஐ விட, எந்த மூவ் ஆடினாலும் கெடாத +1 பிளிட்ஸில் பல மடங்கு பாதுகாப்பானது. பட்டை இதைச் சொல்லாது. மைனஸ் ஆறு என்று காட்டும், அதைப் பார்த்து அப்பா முகம் மாறும், பிள்ளை அந்த முகத்தைப் பார்க்கும்.

ஆனந்த் வளர்ந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். செஸ் வீரர் மானுவேல் ஆரோன் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில் சிறுவன் ஆனந்த் பிளிட்ஸ் ஆடினார். ஜெயித்தவர் உட்கார்ந்திருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடும் முறை. உட்கார்ந்து யோசித்து வருத்தப்பட அங்கே நேரமே கிடையாது, மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அங்கிருந்து வந்தவர்தான் 2003லும், 48 வயதில் 2017லும் உலக ரேபிட் பட்டம் வாங்கினார். எஞ்சின் இல்லாத காலத்தின் ஒரு பெரிய வசதி அது: எந்த மூவில் தப்பு என்று யாரும் உடனே காட்டமாட்டார்கள், ஆகவே அடுத்த ஆட்டம்தான் பெரிதாகத் தெரியும்.

குகேஷ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட். 16 வயது, முதல் எட்டு ஆட்டத்தில் எட்டும் ஜெயித்திருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்து நழுவவிட்டு, கடைசியில் நேர நெருக்கடியில் குதிரையைத் தவறாக நகர்த்தித் தோற்றார். அணிகளின் மோதல் 2–2 ஆனது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போக, குகேஷ் ஆடிய இந்திய 'பி' அணிக்கு வெண்கலம். ஊரே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. அடுத்த சுற்றில் வந்து உட்கார்ந்தார், டிரா செய்தார், முதல் போர்டில் ஆடியவர்களுக்கான தனிநபர் தங்கத்தையும் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டத்தில் டிங் லிரென் 55வது மூவில் யானையை எஃப்2க்குக் கொண்டுபோய் பிளண்டர் செய்தபோது எதிரே இருந்தவர் அதே குகேஷ். டிரா என்றே எல்லாரும் நினைத்த நிலை. ஒரு சிப்பாய் அதிகம் இருந்ததால் குகேஷ் டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்தார். பரிசு வந்தபோது கண்ணில் பட்டது.

2025 ஜூனில் நார்வே செஸ் போட்டியில் நடந்ததையும் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கார்ல்சன் ஆட்டம் முழுக்க நல்ல நிலையில் இருந்தார். குகேஷ் விடாமல் தாக்குப்பிடித்தார். வினாடிகள் குறைந்த நேரத்தில் கார்ல்சன் 52வது மூவில் குதிரையை வைத்து செக் கொடுத்தார், அதுவே பிளண்டர். தோற்றதும் மேசையைக் குத்தினார். எல்லாரும் அந்தக் குத்தை ரீல்ஸாகப் போட்டார்கள். அதற்கு முன் குகேஷ் மணிக்கணக்கில் மோசமான நிலையில் உட்கார்ந்து ஆடியதை யாரும் போடவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது அந்தப் பகுதிதான்.

இன்னொன்று, ரிசைன். காய் போனதும் கைகொடுத்துவிட்டு எழுவதுதான் மரியாதை என்று சில பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிளாசிக்கலில் பெரியவர்களுக்கு அது சரி. பத்து வயதுப் பிள்ளைகளின் வேக ஆட்டத்தில் அதில் மரியாதை எதுவும் இல்லை. குதிரை போன பிறகு எப்படி ஆடுவது என்று கற்றுக்கொள்ளும் ஒரே வாய்ப்பை நாமே பிடுங்கிக்கொள்கிறோம். ராணியை மாற்றிக்கொள்ளாதே, காய்களைப் போர்டில் வை, எதிராளியின் ராஜா பக்கம் ஒரு கதவைத் திறந்து வை: சொல்லித்தர எவ்வளவோ இருக்கிறது. அதேபோல காய் அதிகம் உள்ள பிள்ளைக்கு, முதலில் ராஜா மூச்சுவிட ஒரு கட்டம் திற, எச் வரிசைச் சிப்பாயை ஒரு அடி தள்ளிவிட்டு அப்புறம் வேட்டைக்குப் போ என்று சொல்லித்தர வேண்டும். ஆன்லைனில் தோற்றதும் ஆத்திரத்தில் அடுத்த ஆட்டத்தை அழுத்துவதும் இதே நோய்தான். முதல் ஆட்டத்தின் பிளண்டர் நான்காவது ஆட்டம் வரை கூடவே வரும்.

அப்படியென்றால் பிளண்டரைக் குறைக்கப் பயிற்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஃபோர்க், 'பின்' (ஒரு காயை நகரவிடாமல் கட்டிப்போடுவது), கடைசி வரிசை மேட், தினமும் பத்து பஸில் போடட்டும். எஞ்சினை வைத்து அலசவும் அலசட்டும், அது திங்கட்கிழமை வீட்டில் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்காவது சுற்றுக்கும் ஐந்தாவது சுற்றுக்கும் நடுவில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள். அவனாகவே ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்தால், குதிரை போன பிறகு ஆடிய மூவிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள்.