ஒரே சிட்டிங்கில் குதிமுள் கரையுமா?

"ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட் ஒரே தடவை வைத்தால் போதும், குதிகாலில் வளர்ந்த எலும்பு கரைந்துவிடும்" என்று மதுரைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. கூடவே ஓர் எக்ஸ்ரே படம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்கும் அக்கா ஒருவர் அதைக் காட்டி, "வட்டிக்கு வாங்கியாவது போயிரவா தம்பி?" என்று கேட்டார்.

வேண்டாம்க்கா. எலும்பு கரையாது.

வலி பெரும்பாலும் அந்த முள்ளால் வருவதே இல்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு நைந்துபோவதுதான் காரணம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் சுருக்கென்று குத்தி, நாலு எட்டு நடந்ததும் தணிகிறதே, அதுதான் அடையாளம். வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் முள் தெரியும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. பிசியோதெரபியில் ஜெல் தடவித் தேய்ப்பது சாதாரண அல்ட்ராசவுண்ட். இளஞ்சூடு தரும், அவ்வளவே. டப் டப்பென்று அழுத்த அலைகளால் அடிப்பது ஷாக்வேவ். நாள்பட்ட குதிகால் வலிக்கு அமெரிக்காவில் 2000-இல் அனுமதி பெற்றது இதுதான். அதுவும் பல மாதம் பயிற்சி செய்தும் தீராதவர்களுக்கு. ஒலியை ஒரே புள்ளியில் குவிக்கும் ஃபோகஸ்டு முறை வேறு. குதிகாலுக்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

அக்காவின் ரப்பர் செருப்பு குதிகால் பக்கம் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. விடிகாலையிலிருந்து சிமெண்ட் தரையில் நிற்கிறார். முதலில் செருப்பை மாற்றச் சொன்னேன். பாயை விட்டு எழுமுன் கால்விரல்களைக் கையால் தன் பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இப்படியே சில மாதங்களில் குறையும். சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் மட்டும், முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.