உகே என்றால் 'பிளாக்' அல்ல

அந்த இரண்டு நிமிடக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் பாக்கி இல்லை. கறுப்புப் பட்டை கட்டியவர் நெற்றிக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கையுறை போட்டவர் முகத்தில் தட்டித் தட்டி விளையாடுகிறார். கராத்தேயின் தடுப்பெல்லாம் வெறும் நடனம் என்று தீர்ப்பு. நன்றி ஐயா.

கராத்தேயில் 'தடுப்பு' என்று சொல்லிக்கொடுக்கப்படும் உகே என்பது தடுப்பது அல்ல. 'உகேரு' என்ற ஜப்பானிய வினைக்குப் பெற்றுக்கொள்வது, வாங்கிக்கொள்வது என்று பொருள். யாரோ அதைப் 'பிளாக்' ஆக்கினார்கள். நாமும் கையைச் சுவராக்கிக்கொண்டோம்.

17 வயதில் எனக்கும் அதே புத்திதான். மூத்த மாணவர் 'ஜோடான்', அதாவது 'மேல்மட்டம்', என்று சொல்லிவிட்டு முகத்துக்குக் குத்துவார். அகே உகே, அதாவது மேலே உயர்த்தும் உகே, என்று நான் முன்கையைக் குறுக்குக் கட்டை போல உயர்த்துவேன். மூன்றாம் நாள் கை நீலம் பாரித்து, சாப்பாட்டுத் தட்டைத் தூக்க முடியவில்லை. மாஸ்டர் திட்டவில்லை. என் முழங்கையை இரண்டு விரலால் சற்றே இறக்கி, மணிக்கட்டை மேலே விட்டார். அடுத்த குத்து, சாய்ந்த ஓட்டில் விழுந்த மழை போல வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தடுக்கவில்லை, வாங்கினேன். வாங்கும்போது பாதி திரும்பியிருந்த இடுப்பு, க்யாகு சுகி என்ற பின்கைக் குத்தை விடும்போது நேராகிறது. விலாவுக்கு இழுபடும் மற்றக் கை அழகுக்கு அல்ல; எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும் கை அது. காணொளியில் இருந்த கறுப்புப் பட்டைக்காரர் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

'தெருவில் எவனாவது ஜோடான் என்று அறிவித்துவிட்டு அடிப்பானா?' அடிக்க மாட்டான்தான். அது ஆரம்பப் பாடம். அரிச்சுவடி எழுதுகிற பிள்ளையிடம் வெண்பா கேட்பீர்களா? 'போட்டியில் யாரும் அகே உகே போடுவதில்லையே?' போட்டி வேறு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது நவீன கராத்தேயின் முன்னோடி ஃபுனாகோஷி கிச்சினின் 20 நெறிகளில் ஒன்று. ஜப்பானில் காமகுராவின் எங்காகுஜி கோயிலில் அதைக் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஹெய்யான் என்ற ஆரம்பக் கட்டாக்கள் (தனியாகச் செய்யும் பயிற்சி வரிசைகள்) ஐந்தும் உகேயில்தான் தொடங்குகின்றன. அத்தனை பேரும் ஏமாளிகள், காணொளிக்காரர் ஒருவர்தான் அறிவாளி. இருக்கட்டும்.

முன்பின் தெரியாதவர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. 8 வருடமாக என்னிடம் பயிலும் பையன் அதைப் பகிர்ந்து, சிரிப்புப் பொம்மையும் போட்டு, 'இத்தனை வருடமும் வீண்தானா மாஸ்டர்?' என்று கேட்டிருக்கிறான். தனியாகக் கேட்டிருக்கலாம். அவனுக்கு முதன்முதலில் பட்டையைக் கட்டிவிட்டது இந்தக் கைதான்.

தம்பி, நாளைக் காலை ஐந்தரைக்கு வகுப்பு. வந்துவிடு. நான்தான் குத்துவேன். 'ஜோடான்' என்று சொல்ல மாட்டேன்.